கல்வராயன் கிணற்றில் கடல் உப்பு

உளுந்தூர்ப்பேட்டை தாண்டும்வரை எனக்கு நல்ல கோபம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அது. காலையில் வாங்கிய வஞ்சிரத்தை அப்படியே ஃபிரீசரில் போட்டுவிட்டு, மடியில் கனமான டூல் பெட்டியோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் யாரோ ஒரு பெண்பிள்ளை சோப்புப் போட்டுக் கழுவியதால் வந்த வினை என்று மனதுக்குள் பொருமிக்கொண்டே வந்தேன்.

என் பெயர் ரோஸ்லின். ஊர் தூத்துக்குடி. பதினைந்து வருடமாகப் புதுச்சேரியில் ஒரு ஸ்கூபா டைவிங் கடையின் பின்னறையில் ரெகுலேட்டர் சர்வீஸ் செய்கிறேன். ரெகுலேட்டர் என்றால், தண்ணீருக்குள் இறங்குகிறவர் வாயில் கடித்துக்கொண்டிருக்கும் கருவி. சிலிண்டரில் முரட்டுத்தனமாக அடைத்து வைத்த காற்றை, சாதாரண மூச்சு அளவுக்குக் குறைத்துக் கொடுப்பது அதன் வேலை. சிலிண்டர் தலையில் பித்தளைக் கட்டியாக உட்கார்ந்திருப்பது முதல் பாகம். அங்கிருந்து ஒரு குழாய் வரும். அதன் முனையில் வாயில் கடிப்பது இரண்டாம் பாகம். கடைக்கு வருகிற பத்துப் பேரில் ஏழு பேர் என்னைப் பார்த்ததும், "மெக்கானிக் இல்லையாம்மா?" என்பார்கள். நான்தான் மெக்கானிக் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது.

தியாகதுருகத்துக்காரர் ஏழுமலை ஆறு மாதத்துக்கு முன்பு எங்கள் கடையில் ஒரு பழைய செட் வாங்கிப் போனார். கடலுக்கு இல்லை, கிணற்றுக்கு. அந்தப் பக்கத்துக் கிணறுகளில் குழாய் உடைந்து மோட்டார் அடியில் போய் உட்கார்ந்துவிட்டால், இறங்கிக் கயிறு கட்டி மேலே கொண்டு வருவதுதான் அவருக்குத் தொழில். முன்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு பத்து முறை முங்கிச் செய்த வேலையை, சிலிண்டர் வந்தபின் ஒரே முங்கலில் முடித்தார். போன மாதம் ஃபோன் செய்தார்.

"மேடம், தண்ணிக்குள்ள இருக்கும்போதே காத்து கொட்டிக்கினு இருக்குங்க. நிக்கவே மாட்டேங்குது. சிலிண்டரு காலியாயிடுச்சு."

"யார் கழுவுறது?"

"வூட்லதாங்க."

"பொம்பளைங்க கையில குடுத்தா இப்படித்தான். சோப்பு போட்டுத் தேய்ச்சிருப்பாங்க. உள்ள காத்தடைக்கிற சீட்டைத் தின்னுருக்கும்" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். எதிரே இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றார்கள். சோப்பு அப்படியெல்லாம் எதையும் தின்னாது. அது அப்போதே எனக்குத் தெரியும். வாயில் வந்ததைச் சொன்னேன், பிறகு அதையே நானும் நம்பிக்கொண்டேன்.

அவர் இன்னொரு செட் வாங்குகிற யோசனையில் இருப்பதாகக் கேள்விப்பட்ட எங்கள் முதலாளி, "நேர்லயே போய்ச் சரி பண்ணிக் குடுத்துட்டு வா ரோஸ்லின்" என்று அனுப்பிவிட்டார். இப்படித்தான் கடலை விட்டு மலைக்கு ஒரு பயணம் வாய்த்தது.

திருநாவலூர் பிரிவு அருகே டயர் படாரென்றது. எல்லாரும் இறங்கிப் புளியமர நிழலில் நின்றோம். குலுங்கியதில் உள்ளே ஏதாவது உடைந்திருக்குமோ என்று பெட்டியைத் திறந்து, அழுத்தம் பார்க்கும் மீட்டரை எடுத்துத் துடைத்தேன். பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த வெள்ளரிப்பிஞ்சு வியாபாரி எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, பிரஷர் பாக்குற மிஷினா?"

"பிரஷர்தான். ஆனா ஆளுக்கு இல்ல, காத்து சிலிண்டருக்கு."

"அட, சும்மா ஒரு வாட்டி வெச்சிப் பாரும்மா. டாக்டரு உப்பைக் கம்மி பண்ணு, கம்மி பண்ணுன்னு உசிர எடுத்துக்கினு இருக்காரு." சட்டைக் கையைத் தோள்வரை மடித்துவிட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் கையை மடித்தார்கள்.

"இதை உங்க கையில மாட்டினா முள்ளு அசையாது. பார்க்கிறவங்க ஆள் போயிட்டார்னு நினைச்சிடுவாங்க" என்றேன். கூட்டம் சிரித்தது. அவர் ஒரு பிஞ்சை நான்காகப் பிளந்து, உப்பும் மிளகாய்த்தூளும் தாராளமாகத் தடவி நீட்டினார். தனக்கும் அதே தாராளம்தான். டயர் மாற்ற முக்கால் மணி நேரம் ஆயிற்று. புதுச்சேரியில் என்றால் அந்நேரத்துக்கு ஓட்டுநரோடு நாலு பேர் சண்டைக்குப் போயிருப்பார்கள். இங்கே ஒருவர் ஜாக்கியைப் பிடித்தார், இன்னொருவர் கல் தேடினார்.

தியாகதுருகத்தில் கோட்டை மலை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. ஏழுமலை இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், மொபெட்டோடு நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும். ஒல்லி. இடது முழங்கையில் பெரிய சிராய்ப்பு ஆறிக் கறுத்திருந்தது. பெட்டியை என்னிடமிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார்.

"என்னால உங்களுக்கு அலைச்சலுங்க. மன்னிச்சிக்கணும்."

நான் பெருந்தன்மையாகத் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

வீட்டில், உத்தரத்திலிருந்து ஒரு வெள்ளை வேட்டி மூட்டை தொங்கியது. "எலி ரப்பர் குழாயைக் கடிச்சிடும்னு மேல கட்டி வெச்சிருக்கோம்" என்றபடி இறக்கி அவிழ்த்தார். உள்ளே ரெகுலேட்டர். குழாய்கள் மடங்காமல் வளையமாகச் சுற்றப்பட்டிருந்தன. காற்று நுழையும் வாய்க்கு மூடி போட்டு, மூடிக்குள் ஈரம் ஒரு பொட்டு இல்லாமல் துடைத்திருந்தது. முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசனை இல்லை. எங்கள் கடையில் நானே இவ்வளவு சுத்தமாக வைத்தது கிடையாது.

பிறகு அந்தக் கோட்டைப் பார்த்தேன்.

முதல் பாகத்தின் மூடியும் உடலும் சேரும் இடத்தில் சிவப்பாக ஒரு சின்னக் கோடு. நெயில் பாலிஷ். அது என் கையெழுத்து. ஒரு ரெகுலேட்டரைப் பிரித்து, கழுவி, உள்ளே தேய்ந்ததையெல்லாம் மாற்றி மூடியபின், மூடி மேலும் உடல் மேலும் சேர்த்து ஒரு கோடு இழுப்பேன். எனக்குப் பிறகு யார் திறந்தாலும் கோடு விரிசல் விடும், கண்டுபிடித்துவிடலாம். இந்தக் கோடு துளி விரிசல் இல்லாமல் முழுசாக இருந்தது. ஆக, யாரும் திறக்கவில்லை. கோட்டைப் பார்த்த கணத்தில் அந்த மாலையும் ஞாபகம் வந்துவிட்டது.

சுற்றுலாக்காரர்கள் குவிந்திருந்த சீசன். இருட்டுவதற்குள் மூன்று செட் தயாராக வேண்டும் என்று முதலாளி கத்திக்கொண்டிருந்தார். இரண்டைப் பிரித்துச் செய்தேன். மூன்றாவதை வாளித் தண்ணீரில் முக்கிப் பார்த்தேன். குமிழி வரவில்லை. "எவனோ கிணத்துல இறங்கப் போறான், கடலா என்ன" என்று நினைத்தேன். ஆமாம், அப்படியே இந்த வார்த்தைகளில்தான் நினைத்தேன். திறக்காமலேயே கோடு போட்டு, புத்தகத்தில் 'முழு சர்வீஸ்' என்று எழுதினேன். அது இதுதான்.

"இன்னா மேடம், சோப்புதானா?" என்று கேட்டார் ஏழுமலை.

"பார்க்கலாம்" என்றேன். "காத்தோட வச்சுப் பார்த்தாத்தான் தெரியும்."

சிலிண்டர் இரண்டும், காலியானதும் நிறைந்ததும், கல்வராயன் மலைமேல், வெள்ளிமலைப் பக்கம், சடையன் என்பவர் வீட்டில் கிடந்தன. அந்தக் கிணற்றில்தான் கோளாறு நடந்தது. மோட்டார் இன்னும் அடியிலேயே இருக்கிறது. மறுநாள் காலை அங்கே போவதாக முடிவாயிற்று. ஒரு ராத்திரி தப்பித்தேன் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

சாப்பிட உட்கார்ந்தோம். கேழ்வரகுக் களி, கருவாட்டுக் குழம்பு. களியை விழுங்கத் தெரியாமல் நான் மென்றுகொண்டிருந்தேன். பரிமாறியவர் அவர் மனைவி அஞ்சலை. கட்டையான, உறுதியான உடம்பு. உள்ளங்கை இரண்டிலும் கயிறு காய்த்த தழும்பு. என்னை ஒருமுறை நேராகப் பார்த்துவிட்டு, அதன்பின் பார்க்கவே இல்லை. கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. "கொழம்பு" என்று ஏழுமலை சுவரைப் பார்த்துச் சொல்வார், குழம்பு வந்து விழும்.

அன்று நடந்ததை ஏழுமலை சொன்னார். நாற்பதடி ஆழத்தில் மோட்டாருக்குச் சுருக்குப் போடும்போது வாயில் காற்று பீறிட்டிருக்கிறது. மேலே கயிறு பிடித்திருந்தது அஞ்சலை. எப்போதும் அவர்தான் பிடிப்பாராம். எங்கள் தூத்துக்குடியில் முத்துக்குளிக்கிறவர்கள் கயிற்றை மச்சான் கையில் கொடுப்பார்கள் என்பார்கள். தங்கச்சி தாலிக்காகவாவது அவன் கண் அசரமாட்டான் என்று கணக்கு. இந்த மனிதர் இடையில் மச்சானையும் வைக்காமல் தாலி கட்டிக்கொண்டவளிடமே கொடுத்திருந்தார்.

தண்ணீர் கொதிப்பதுபோல் குமிழி வந்ததும், சைகைக்குக் காத்திராமல் அஞ்சலை ஒரே மூச்சாக இழுத்திருக்கிறார். முழங்கை கல்லில் தேய்ந்தது அப்போதுதான். சிலிண்டர் காலியாவதற்குள் ஆள் மேலே வந்துவிட்டார்.

"அப்புறம் நீங்க சோப்பு மேட்டரைச் சொன்னீங்களா... நான் இவளைக் கேட்டேன். சோப்பே போடலன்றா. படிச்சவங்க, மிஷினப் பத்தித் தெரிஞ்சவங்க பொய்யா சொல்லப்போறாங்கன்னேன். ஜாஸ்தியாதான் பேசிட்டேன். இப்ப கயித்த வேற ஆளு கையில குடுத்துட்டேங்க. இனிமே கழுவறதும் நானேதான்னு சொல்லிட்டேன். ஒரு மாசமா எங்கூடப் பேசறதில்ல."

தண்ணீர் குடித்தேன். ஏதாவது பேசவேண்டுமே என்று, "கருவாடு நல்லாருக்கு. உப்புக் கரிக்கவே இல்லையே" என்றேன்.

"ஏழு தண்ணி கழுவுனேன்" என்றார் அஞ்சலை, அடுப்பைப் பார்த்தபடி. "மேலாகக் கழுவுனா உப்பு போவாதுங்க. பொளந்து கழுவணும்." அன்று அவர் பேசியது அவ்வளவுதான்.

மறுநாள் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் டீ குடிக்கும்போதே திட்டம் போட்டுவிட்டேன். சத்தமில்லாமல் பிரித்து, சத்தமில்லாமல் மாற்றி, "பார்ட் கொஞ்சம் வீக்கா இருந்திருக்கு, யார் மேலயும் தப்பில்ல" என்று சொல்லிவிடுவது. யார் மேலும் தப்பில்லை என்றால் புருஷன் பெண்டாட்டி சமாதானம் ஆகிவிடுவார்கள், என் பெயரும் கெடாது. எவ்வளவு நல்ல மனசு எனக்கு, பாருங்கள்.

கச்சிராயபாளையத்தில் ஜீப் ஏறினோம். உர மூட்டை, கல்யாண வீட்டுக்குப் போகும் வாடகைப் பாத்திரம், பதினோரு பேர். அஞ்சலையும் வந்தார். சடையன் வீட்டில் மரவள்ளிக்கிழங்கு வாங்க வேண்டும் என்று யாரிடமோ போல் சொல்லிவிட்டு, எனக்கு எதிரே அண்டாவை அணைத்தபடி உட்கார்ந்துகொண்டார். கோமுகி அணை கீழே இறங்கி இறங்கிப் போயிற்று. கடல்மட்டத்திலேயே பிறந்து வளர்ந்த என் காதுகள் இரண்டும் அடைத்துக்கொண்டன. கடலுக்குள் இறங்கும்போது அடைக்கும் அதே காது, மேலே ஏறும்போதும் அடைக்கிறது. மூக்கைப் பிடித்து ஊதினேன். அண்டாவுக்குப் பின்னால் அஞ்சலை பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாவது வளைவில் ஜீப் புகைந்து நின்றது. ஓட்டுநர், "ஒண்ணுமில்ல, தாகம்" என்று இறங்கி மூடியைத் திறந்தார். எல்லாரும் பாறையில் உட்கார்ந்தோம். அஞ்சலை என் பக்கத்தில் உட்காருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"நீங்களும் கடல்ல எறங்குவீங்களாமே?"

"எறங்குவேன்."

"கயிறு யாரு புடிப்பாங்க?"

"கயிறு கிடையாதுங்க. ரெண்டு ரெண்டு பேரா இறங்குவோம். மேல படகுல ஆள் இருக்கும்."

"பாத்துக்கினே இருப்பாங்களா?"

எங்கள் படகில் இருப்பவர்களை நினைத்தேன். "ஃபோன் பார்த்துக்கிட்டு இருப்பாங்க" என்றேன். அவர் களுக்கென்று சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார். அந்தச் சிரிப்புக்கு நான் தகுதியில்லாதவள். சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று குத்தியது. அதற்குள் ஓட்டுநர் "ஏறுங்க, ஏறுங்க" என்று கத்தினார். நானும் நல்லபிள்ளையாக ஏறிக்கொண்டேன்.

சடையன் நிலம் வெள்ளிமலையிலிருந்து கொஞ்சம் உள்ளே. ஐம்பது வயதுக்காரர், தலையில் துண்டு. அவித்த மரவள்ளியும் பச்சைமிளகாய்த் துவையலும் கொண்டு வந்து வைத்தார். எங்கள் ஊரில் மீனோடு தின்கிற கிழங்கு இங்கே தனியாகவே ருசித்தது. கிணறு பாறையைக் குடைந்தது. பக்கத்தில் தக்காளிச் செடிகள் தலை தொங்கிக் கிடந்தன. ஒரு மாதமாக மோட்டார் இல்லை, குடத்தில் மொண்டு எத்தனைக்குத்தான் ஊற்றுவார்?

அஞ்சலை கிணற்றுப் பக்கம் இரண்டு எட்டு வைத்ததும் சடையன் கையை நீட்டித் தடுத்தார்.

"நீ அங்கியே நில்லும்மா. போன வாட்டி பொம்பள கயிறு புடிச்சிதான் இவ்ளோ வெனையும்."

அஞ்சலை நின்றார். ஏழுமலை மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. கயிற்றுச் சுருள் கூலிக்கு வந்திருந்த ஒருவர் தோளில் கிடந்தது. அவர் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

சாக்கை விரித்து உட்கார்ந்தேன். சிலிண்டரில் ரெகுலேட்டரை மாட்டி, இடையில் என் மீட்டரைச் சொருகித் திறந்தேன். முள் ஒன்பதரையில் வந்து நிற்க வேண்டும், நின்றால் முதல் பாகம் நலம். வந்தது. நிற்கவில்லை. பத்து, பத்தரை, பதினொன்று என்று மெல்ல ஏறிக்கொண்டே போயிற்று. பன்னிரண்டைத் தாண்டியதும் வாய்ப்பாகம் 'சர்ர்ர்' என்று கொட்ட ஆரம்பித்தது. முதல் பாகம் அடைக்கவேண்டிய காற்றை அடைக்கவில்லை. வாய்ப்பாகம் தாங்கமுடியாமல் வெளியே தள்ளுகிறது. வாயில் ஒழுகினாலும் வியாதி தலையில். காற்றை மூடி, குழாய்களைக் கழற்றினேன். சிவப்புக் கோட்டின் மேல் ஸ்பேனரை வைத்துத் திருப்பினேன். கோடு இரண்டாக உடைந்தது.

உள்ளே பச்சையும் வெள்ளையுமாக இருந்தது. பச்சை, பித்தளைக் களிம்பு. வெள்ளை, பொடிப்பொடியாகக் கட்டிப்போன பரல். காற்றை அடைக்கும் சீட், பட்டாணி அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் துண்டு. அதில் ஒரு பரல் பதிந்து குழி பறித்திருந்தது. எப்போதோ, யாரோ சுற்றுலாக்காரர் மூடி போடாமல் கடலில் முக்கியிருக்கிறார். காற்று மட்டுமே போகும் அறை அது. எத்தனை கிணற்றில் இறங்கினாலும் நல்ல தண்ணீர் அங்கே எட்டாது. பிரித்துக் கழுவியிருந்தால் அன்றே போயிருக்கும்.

கையால் மறைக்கப் பார்த்தேன். அதற்குள் ஏழுமலை குனிந்து, விரல்நுனியில் அந்த வெள்ளையைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டார்.

"உப்பு!" என்றார். "எங்க கெணத்துல உப்பு ஏதுங்க?"

சடையனும் ஒரு பரலைத் தொட்டு ருசி பார்த்தார். "உப்புதான். நல்ல உப்பு."

ஏழுமலை நெற்றியைச் சுருக்கி யோசித்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது.

"சோப்புலயும் உப்பு இருக்குமாமே மேடம்? அதான் போல." அஞ்சலை பக்கம் திரும்பினார். "இப்பவாச்சும் ஒத்துக்கிறியா?"

அஞ்சலை அவர் பக்கம் திரும்பவே இல்லை. என்னைப் பார்த்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதத்தான் வேண்டும். மூன்று மூச்சு விடுகிற நேரம் நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். அவர் கொடுத்த காரணம் எனக்கு வசதியாக இருந்தது. "ஆமா, இருக்கலாம்" என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மெக்கானிக் இல்லையாம்மா என்று கேட்கிற ஆண்களை வாய்க்கு வந்தபடி வைகிற நான், என்னைப்போலவே ஒரு கருவியைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட ஒருத்தியை, பொம்பளை என்ற ஒரே காரணத்துக்காகக் காட்டிக்கொடுத்திருந்தேன். அதையே இரண்டாம் தடவையும் செய்ய இருந்தேன்.

"இல்ல" என்றேன். "சோப்பு இல்ல. இது கடல் உப்பு. நீங்க வாங்கும்போதே உள்ள இருந்தது. நான் இதைத் திறக்கவே இல்ல. திறக்காமலே கோடு போட்டுக் குடுத்துட்டேன். ஃபோன்ல சொன்னது பொய். அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. அவங்க இழுக்கலேன்னா நீங்க இன்னிக்கு இங்க நிக்க மாட்டீங்க. நான்தான் உங்களைக் கொல்லப் பார்த்தேன்."

தக்காளிச் செடிகளுக்கு நடுவே ஒரு கோழி கிளறிக்கொண்டிருந்தது.

"இன்னாம்மா நீ!" என்றார் சடையன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. ஏழுமலை என்னைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்க்கவும் முடியவில்லை. குனிந்து தன் முழங்கைச் சிராய்ப்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

அஞ்சலை சடையன் வீட்டுக்குள் போனார். அழப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு கிண்ணத்தில் புளியைக் கரைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"பித்தளதானே? பச்ச புடிச்சா புளிதான் வுட்டுத் தேய்ப்போம்."

களிம்பு எடுக்க வினிகர் கொண்டு வர மறந்திருந்தேன். புளித் தண்ணீரில் ஊறவைத்தோம். பல்துலக்கும் பிரஷ்ஷால் நான் தேய்க்கத் தேய்க்க, அஞ்சலை நல்ல தண்ணீர் ஊற்றினார். ஏழு தண்ணி. எண்ணியது அவர்தான். சிலிண்டர் காற்றால் ஊதிக் காயவைத்தேன். புது சீட், புது ரப்பர் வளையங்கள், ஒவ்வொன்றுக்கும் கிரீஸ். ஒவ்வொன்றையும் வைக்கும்முன் அவரிடம் காட்டினேன். அவர் வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். மூடி இறுக்கி மறுபடி காற்றைத் திறந்தேன். முள் ஒன்பதரைக்கு வந்தது. நின்றது. கால் மணி நேரம் எல்லாருமாக உட்கார்ந்து அந்த முள்ளையே பார்த்தோம். அசையவில்லை.

பழக்க தோஷத்தில் பெட்டியிலிருந்து நெயில் பாலிஷை எடுத்தேன். அஞ்சலை கையை நீட்டினார்.

"குடுங்க. இந்த வாட்டி உள்ள இன்னா இருக்குதுன்னு நான் பாத்துட்டேன். நான் போடறேன்."

கொடுத்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டு, மூடி மேலும் உடல் மேலும் சேர்த்து ஒரு கோடு இழுத்தார். என் கோட்டைவிடத் தடிமனாக இருந்தது.

"இப்ப நீங்க எறங்குங்க" என்றார். "சரியா வேல செய்யுதான்னு பாக்கணுமில்ல? கயிறு நான் புடிக்கறேன்."

சடையன் வாயைத் திறந்தார். அஞ்சலை திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் மூடிக்கொண்டார்.

டி-ஷர்ட், டிராக் பேண்ட்டோடு இறங்கினேன். இடுப்பில் கயிறு. மேலிருந்து ஒரு இழுப்பு வந்தால், 'நல்லா இருக்கியா?'. நான் ஒன்று இழுத்தால், 'இருக்கேன்'. மூன்று இழுத்தால், 'தூக்கு'. சைகை அவ்வளவுதான். கடலில் ஆயிரம் தடவை இறங்கியவள் நான். கிணறு வேறு. பக்கவாட்டில் போக இடமில்லை, மேலே வட்டமாக வானம், கீழே இருட்டு, பல்லைக் கூசவைக்கும் குளிர். ரெகுலேட்டர் கேட்ட மூச்சைக் கொடுத்தது, கேட்காதபோது சும்மா இருந்தது.

பத்தடியில் ஒரு இழுப்பு. பதில் கொடுத்தேன். இருபதடியில் இன்னொன்று. அடியில், சேற்றில் பாதி புதைந்த மோட்டாரைத் தடவிக் கண்டுபிடிக்கும்போது மறுபடியும். சுருக்குப் போட்டுக்கொண்டிருந்ததில் பதில் கொடுக்க ஒரு நொடி தாமதமாகிவிட்டது. உடனே கயிறு விறைத்தது. இழுக்கத் தயாராகிவிட்டார். அவசரமாக ஒன்று இழுத்தேன். கயிறு தளர்ந்தது. ஃபோனில் முகம் தெரியாமல் நான் பழி போட்ட கை அது. டைவிங் கண்ணாடிக்குள் எனக்குக் கண்ணீர் நிறைந்து ஒன்றும் தெரியவில்லை. தண்ணீருக்குள் அழுதால் துடைக்கவும் முடியாது. சுருக்கு சரியாக விழவில்லை; அப்படியே விட்டுவிட்டு மூன்று இழுத்தேன்.

மேலே வந்து கிணற்று விளிம்பைப் பிடித்தபோது, அஞ்சலையின் நெற்றியெல்லாம் வியர்வை.

"அம்மா, என்னை மன்னிச்சிடுங்க" என்றேன், மூச்சு வாங்கிக்கொண்டே.

"நீங்க சொல்லிட்டீங்க" என்றார் அவர், கயிற்றைச் சுருட்டியபடி. "சொல்லவேண்டியவரு இன்னும் சொல்லல."

ஏழுமலை இரண்டு எட்டு முன்னால் வந்து, தரையைப் பார்த்து, "தப்புதான் புள்ள" என்றார்.

"காதுல வுழல."

"தப்புதான்!"

மலை அதைத் திருப்பிச் சொல்லிற்று. சடையன் சிரித்துவிட்டார், பீடிக்காரரும் சிரித்தார். அஞ்சலை சிரிக்கவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "போயி எறங்கு. நான் புடிச்சிக்கறேன்" என்றார். ஒரு மாதத்துக்குப்பின் அவர் புருஷனிடம் பேசிய முதல் நல்ல பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். பொழுது சாய்வதற்குள் மோட்டார் மேலே வந்துவிட்டது.

மூன்றாம் நாள் ஏழுமலை என்னைப் பஸ் ஏற்றிவிட்டார். அஞ்சலை கொடுத்தனுப்பிய கிழங்குப் பையை மடியில் வைத்துவிட்டு, ஜன்னலோரம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"நான் வெளிய யாருகிட்டயும் சொல்லமாட்டேங்க மேடம். உங்க பொழப்பு இல்லியா."

அவர் சொல்லமாட்டார், அது எனக்கு நிச்சயம். அதனால்தான் இதை நானே எழுதினேன்.

மறுநாள் கடைப் பின்னறையைத் திறந்தேன். அலமாரியில் சிவப்புக் கோடு போட்ட ஏழு ரெகுலேட்டர்கள் வரிசையாகத் தொங்கின. ஐந்தைப் பிரித்ததாக ஞாபகம் இருந்தது. எந்த ஐந்து என்று தெரியவில்லை. ஏழையும் கழற்றி மேஜையில் போட்டு, முதல் கோட்டின் மேல் ஸ்பேனரை வைத்தபோது முதலாளி எட்டிப் பார்த்தார்.

"என்ன ரோஸ்லின், அதெல்லாம் சர்வீஸ் முடிஞ்சதுதானே?"

"இல்ல சார்" என்றேன்.